யாருடைய பக்கம் என்று கேட்டவனுக்கு

மகனே,

‘அன்புள்ள’ என்று போட்டுத் தொடங்குவதுதான் முறை. போட்டேன். மனம் ஒப்பவில்லை, வெட்டிவிட்டேன். நேற்றுப் பின்னேரம் நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் ரிசீவரை வைத்தேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் வந்திருந்தால் கத்தியிருப்பேன். எனக்கு எப்படிக் கத்த வரும் என்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எனக்கு வந்தது அருவருப்பு. பசியோடு சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது கைக்குள் ஒரு புழு நெளிந்தால் வருமே, அப்படி ஒன்று. அதற்குப் பிறகு இரவுச் சாப்பாடும் இறங்கவில்லை. இன்றைக்கு லீவு போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். பேசினால் நீ இடையில் புகுந்து ஏதாவது சொல்லுவாய், நானும் தாயாகிவிடுவேன். எழுத்தில் அந்த ஆபத்து இல்லை.

நீ கேட்டதை அப்படியே எழுதுகிறேன், உன் கண்ணாலும் ஒருமுறை வாசித்துப் பார். “அம்மா, நீங்கள் லாபிலதானே வேலை செய்யிறியள். ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன், இது யாற்ற பக்கத்தில இருந்து வந்தது எண்டு. எங்கட பக்கம் இல்லை எண்டு தெரிஞ்சாலே போதும்.” இது என்றாய். உன் மகளைத்தான் சொன்னாய். உன் மனைவி ரஜனி பிள்ளையோடு ஒனிஹங்காவுக்கு என் வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்கு மேலாகிறது. அவ்வளவு நாளும் ஒரு சத்தமும் போடாமல் இருந்துவிட்டு, முதல் முதலாக எடுத்தாய். பிள்ளை பால் குடிக்கிறதா என்று கேட்கவில்லை. ரஜனி சாப்பிட்டாளா என்று கேட்கவில்லை. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: ஆரணிக்கு உறிஞ்சிக் குடிக்கப் பலம் போதாது. நாக்கு குறுக்கே வந்து பாலைத் தள்ளிவிடும். குடித்துக்கொண்டிருக்கும்போதே களைத்து நித்திரையாகிவிடுவாள். ரஜனி அவளுடைய உள்ளங்காலைச் சுரண்டி எழுப்பி, மறுபடியும் கொடுத்து, மறுபடியும் எழுப்பி, அரைவாசி நாள் அதிலேயே போகிறது. அந்தப் பொறுமையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் உன் தொலைபேசி வந்தது.

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் உன் வீட்டில் நடந்ததை நீ உனக்கு வசதியான மாதிரி ஞாபகம் வைத்திருப்பாய். எனக்கு ஞாபகம் இருப்பது இது. பிறப்புத் தீட்டை, துடக்கைக் கழிக்க ஐயர் வந்து வீடு முழுக்கத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போய்விட்டார். கிளென்ஃபீல்டில் உள்ள உங்கள் சின்ன யூனிட்டுக்குள் கால் வைக்க இடமில்லாமல் ஆட்கள். வைத்தியர் சொன்னதை நீ யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. சனம் பிள்ளை பார்க்கும் சந்தோஷத்தில்தான் வந்திருந்தது. உன் அப்பாவின் அக்கா, உன் பெரிய மாமி, குழந்தைக்குக் காவலாகச் சங்கு சக்கரம் கோத்துப் போடும் பஞ்சாயுதச் சங்கிலியோடு வந்திருந்தா. தகப்பனின் சகோதரி போடுவது நம் வீட்டு வழக்கம். நீ பிறந்தபோது உனக்கும் அவதான் போட்டா. கைப்பையைத் திறந்து சிவப்புப் பெட்டியை அரைவாசி வெளியே எடுத்துக்கொண்டே பிள்ளையின் முகத்தைக் குனிந்து பார்த்தா. கண்ணைப் பார்த்தா, மூக்கைப் பார்த்தா, வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாக்கைப் பார்த்தா. பிறகு பெட்டியைப் பைக்குள் தள்ளி சிப்பை இழுத்து மூடிவிட்டா. அந்தச் சிப் இழுபட்ட சத்தம் எனக்கு இன்னும் காதுக்குள் கேட்கிறது.

அதற்குப் பிறகுதான் அவ உன்னிடம் கேட்டா: “தம்பி, இது யாற்ற பக்கத்தில இருந்து வந்தது?” நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “எங்கட பக்கத்தில அப்பிடி ஒருத்தரும் இல்லை மாமி” என்றாய். பள்ளிக்கூடத்தில் களவு போனால், ‘நான் இல்லை சேர்’ என்று முந்திக்கொண்டு எழும்பும் பெடியனின் முகம் உனக்கு. ரஜனி உள்ளறையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. அவளுக்குக் கேட்டது என்பதும் உனக்குத் தெரியும். நான் பாயாசம் கொடுத்துக்கொண்டு நின்றேன். என்ன செய்தேன் என்று நீயே பார்த்தாய்: பெரிய மாமியின் கையில் இருந்த பாதிக் கோப்பையைப் பிடுங்கினேன். “என்ன மச்சாள், நான் இன்னும் குடிக்கேல்லை” என்றா. “காணும், குடிச்சது” என்றேன். அந்த வீட்டில் அன்றைக்கு என்னால் செய்ய முடிந்த மரியாதையான காரியம் அது ஒன்றுதான்.

மறுநாள் நீ ஆல்பனிக்கு வேலைக்குப் போன பிறகு ரஜனி புறப்பட்டாள். பிள்ளையின் இருக்கை உன் காரில். இருக்கை இல்லாமல் டாக்சிக்காரன் ஏற்றுவானோ என்ற பயத்தில், பிள்ளையைத் தன் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, பாலம் கடந்து டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஒனிஹங்காவுக்கு இன்னொரு பஸ். நான் கதவைத் திறந்தபோது மழையில் நனைந்து நின்றாள். “மாமி, கொஞ்ச நாள் இஞ்ச இருக்கலாமோ?” என்றாள். கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்தபோதும் இப்படித்தான் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றாள், நினைவிருக்கிறதா? குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கவும் கேட்பாள். தலையைத் துவட்டிக்கொடுத்து உட்காரவைத்தேன். அப்போது அழவில்லை. தேத்தண்ணீர் ஆறிப் போன பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். “நான் என்ன பிழை மாமி விட்டனான்? பப்பாசி தொட்டும் பாக்கேல்லை. அன்னாசி சாப்பிடேல்லை. கிரகணத்தண்டைக்கு ஜன்னல் சீலையையும் இழுத்துவிட்டிட்டு உள்ளுக்கதான் படுத்துக் கிடந்தனான்.” அவளுக்கு இருபத்தேழு வயது. பட்டம் எடுத்த பிள்ளை. அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, பப்பாசிப்பழத்துக்குக் கணக்குச் சொல்ல வைத்தது உன் ஒரு வசனம்.

ஆகவே உன் கேள்விக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் நான் விலங்கியல் படிப்பித்தவள். இங்கே வந்த பிறகு இத்தனை வருடமாகக் குரோமோசோம்களோடு சீவிக்கிறவள். உனக்கு இதை ஒருமுறை வீட்டிலேயே படிப்பித்தும் இருக்கிறேன். நீ ஆறாம் ஃபோர்ம் வகுப்பில் படிக்கும்போது உயிரியல் பரீட்சை வந்தது. வாடகை வீட்டு முன்னறைக் கம்பளத்தில் நான் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரின் கம்பளிநூலைக் குரோமோசோம்கள் என்று துண்டு துண்டாக வெட்டிப் பரப்பினேன். அப்பாவிடமிருந்து வந்தவை சிவப்பு, அம்மாவிடமிருந்து வந்தவை நீலம். ஒரே நீளமுள்ள சிவப்பும் நீலமும் ஒரு சோடி. உடம்பில் ஒரு கலம், அந்தச் சின்ன உயிரணு, இரண்டாகும்போது எல்லாவற்றையும் பிரதி எடுத்து, ஆளுக்கு ஒரு முழுத் தொகுதி கொடுத்துவிடும். தோல் உரிந்து வளர்வதும், வெட்டுக்காயம் ஆறுவதும் அதனால்தான் என்று சொன்னேன். அதுவரைக்கும் கேட்டாய். இனப்பெருக்கத்துக்கான கலங்கள் மட்டும் அப்படிச் செய்யாது, சோடியைப் பிரித்துப் பாதியைத்தான் கொடுக்கும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தலைமுறையிலும் தொகை இரட்டித்துக்கொண்டே போகும் என்று சொல்லிவிட்டு, “இப்ப உன்ர அப்பாவின்ர விந்துக்கலத்தை எடுப்பம்” என்றேன். காதிரண்டையும் பொத்திக்கொண்டாய். “அம்மா, டிஸ்கஸ்டிங்! நிப்பாட்டுங்கோ!” என்று கத்திவிட்டு, மூலையில் இருக்கும் டெய்ரிக் கடைக்கு இறைச்சி ‘பை’ ஒன்று வாங்கித் தின்னப் போனவன், இருட்டும்வரை வரவில்லை. பாதியாக்கும் அந்த ஒடுக்கற்பிரிவு அன்றைக்குக் கம்பளத்திலேயே பாதியில் நின்றுவிட்டது. இன்றைக்கு முடித்துவைக்கிறேன். இந்த முறை காதைப் பொத்த முடியாது.

சோடியைப் பிரிக்கும் முன் ஒரு காரியம் நடக்கும். சிவப்பும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து, ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து, அங்கங்கே அறுந்து, துண்டுகளை மாற்றிக்கொள்ளும். பிரிந்து போகும்போது சிவப்பில் நீலமும் நீலத்தில் சிவப்பும் இருக்கும். எது எந்தப் பக்கம் போகும் என்பதும் அந்தந்த நேரத்து நிலைதான். ஒரு சோடியில் சிவப்பு இடப்பக்கம் போனால் அடுத்த சோடியில் நீலம் போகும். ஆகவே நீ உன் மகளுக்குக் கொடுத்த இருபத்துமூன்று குரோமோசோமும் உன் அப்பா உனக்குத் தந்தவை அல்ல, நான் தந்தவையும் அல்ல. எங்கள் இருவரையும் வெட்டி ஒட்டி, அதற்கு முன் உலகத்தில் ஒருவரிடமும் இருந்திராத புது இருபத்துமூன்று. ரஜனி கொடுத்ததும் அப்படித்தான். இதற்குள் எங்கே உன்னுடைய ‘எங்கட பக்கம்’? பக்கம் என்று ஒன்று இருக்கவிடாமல் கலைப்பதுதான் இந்தப் பிரிவின் வேலையே. நம் ஆட்கள்தான் அதற்குள்ளும் வேலி போட்டு, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பெரிய மாமி மூச்சுக்கு மூச்சு ‘எங்கட ரத்தம், எங்கட ரத்தம்’ என்பா. சொல்லிவை அவவுக்கு: இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கிற அணுக்களுக்குள் குரோமோசோம் ஒன்றுகூடக் கிடையாது. முதிர்ந்து வரும்போதே எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டு வெறும் பையாகத்தான் ஓடித் திரிகின்றன. எங்களுக்கு லாபில் இரத்தம் வந்தால், கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் வெள்ளையணுக்களைத்தான் வளர்த்து எடுக்கிறோம். அந்த வெள்ளையில் எந்தக் குடும்பத்தின் பெயரும் எழுதியிருந்து நான் பார்த்ததில்லை.

லாப் வேலை உனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. வீட்டுக்கு வந்து நான் சமைக்கப் போனால், “கையை வடிவாக் கழுவினியளோ?” என்று கேட்பாய். கழுவித்தான் வருவேன், ஆனால் உன் சந்தேகம் நியாயம்தான். கருப்பையில் குழந்தையைச் சுற்றியிருக்கும் தண்ணீர் வரும். தங்காமல் போன கருவின் துண்டுகள் சின்னப் போத்தலில் வரும். அப்படி ஒன்றை முதன்முதலாகத் திறந்த அன்று நான் தொட்டிக்குள் வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் அதே போத்தலை எடுத்தேன். யாரோ ஒருத்தி வீட்டில் இருந்து அழுதுகொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறாள் அல்லவா? பிறகு அது பழகிவிட்டது. கலங்களை வளர்த்து, நடுப்பிரிவில் மருந்து போட்டு நிறுத்தி, உயரத்தில் இருந்து கண்ணாடியில் ஒரு துளி விட்டால், குரோமோசோம்கள் சிதறி விழும். அப்போதெல்லாம் கணினி இல்லை. படம் பிடித்து, கழுவி, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி, வரியைப் பார்த்துச் சோடி சேர்த்து மட்டையில் ஒட்டுவேன். வெட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். தும்மினால் யாராவது ஒருவரின் குரோமோசோம் பறந்து மேசைக்குக் கீழே போய்விடும். இத்தனை வருடத்தில் அங்கே எவ்வளவோ கண்டுவிட்டேன். அந்த முதல் நாளைத் தவிர, மனிதர்கள் என்ன வியாதியோடும் குறையோடும் வந்தாலும் எனக்கு அருவருப்பு வந்ததில்லை. நீ தொலைபேசியில் கேட்ட தொனியில்தான் வந்தது.

ஆரணியின் இரத்தம் எங்கள் லாபுக்குத்தான் வந்தது. என் பொறுப்பாளர் வந்து, நீ இதைத் தொடாதே என்று சொன்னா. நான் தொடவில்லை, எட்டியும் பார்க்கவில்லை. முடிவு உங்களுக்குத் தெரிந்த அன்றுதான், அதே அறையில், உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியவந்தது. நீ அன்றைக்கு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய்; வைத்தியர் சொன்னதில் முக்கியமானதைத் தவறவிட்டாய். இருபத்தோராவது சோடியில் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கின்றன, பிள்ளையின் முகச்சாயலும் தளர்ந்த உடம்பும் அதனால்தான் என்றார். அந்த மூன்றாவது எதனோடும் ஒட்டிக்கொள்ளாமல் தனியாக நிற்கிறது என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வசனம்தான் உன் கேள்விக்குப் பதில். வேறொன்றோடு ஒட்டிக்கொண்டிருந்தால், பெற்றோரில் ஒருவர் அதைத் தெரியாமலே காவித் திரிந்திருக்கக்கூடும். உங்கள் இருவரின் இரத்தத்தையும் கேட்டிருப்பார்கள். கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. ஒரு சோடி பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாமல் ஒன்றாகவே போய்விட்டது. அவ்வளவுதான். குடும்பத்தில் ஓடுகிற ஒன்று அல்ல. யாருடைய மாமாவிடமிருந்தும் வரவில்லை.

நீ கெட்டிக்காரன். இதை வாசித்துவிட்டு நூலகத்துக்குப் போவாய். அங்கே ஒரு புத்தகத்தில், இந்தப் பிசகு பெரும்பாலும் முட்டையில்தான் நடக்கிறது, விந்தில் நடப்பது குறைவு என்று போட்டிருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு பெரிய மாமியிடம் ஓடுவாய். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்: ஓம், பெரும்பாலும் முட்டையில்தான். உன் மகளில் எதில் நடந்தது என்று எனக்குத் தெரியாது. தேடிப் பிடிக்க வழி இருக்கிறது, யாரிடம் கேட்க வேண்டும் என்றும் எனக்குத் தெரியும். கேட்க மாட்டேன். பிள்ளையின் பாலுக்கோ மருந்துக்கோ அதனால் ஒரு சொட்டுப் பிரயோசனமும் இல்லை. ஒருத்தியின் முகத்தில் அடிப்பதற்கு மட்டும்தான் உதவும்.

முட்டையில் ஏன் என்றும் கேள். ஆண்களின் உடம்பு, பெரிய பையன் ஆன நாள் தொடங்கி, விந்தை நாளும் பொழுதும் புதிது புதிதாகச் செய்து தள்ளிக்கொண்டே இருக்கும். பெண்ணுக்கு அந்தச் சொகுசு கிடையாது. ஒரு பெண்குழந்தை தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போதே அவளுடைய முட்டைகள் பிரியத் தொடங்கிவிடும். சோடிகள் பிடித்து, துண்டு மாற்றி, அந்த நிலையிலேயே நின்றுவிடும். அவள் பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடம் போய், பெரியபிள்ளையாகி, கல்யாணம் கட்டும்வரை அப்படியே பிடித்தபடி காத்திருக்கும். ஒவ்வொன்றாக முறை வரும்போதுதான் விட்ட இடத்தில் இருந்து பிரியும். அதுவும் பிரியும் இரண்டில் ஒன்றுக்கே சேர்த்துவைத்த உணவெல்லாம் கொடுத்துவிட்டு, மற்றப் பங்கைச் சின்னத் துணுக்காக ஒதுக்கி எறிந்துவிடும். கடைசிப் பிரிவு விந்து வந்து சேர்ந்த பிறகுதான் முடியும். உன்னில் என்னுடைய பாதி, நான் என் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே கலைத்து அடுக்கியாகிவிட்டது. ஆரணியில் ரஜனியின் பாதியும் அப்படித்தான். இருபத்தேழு வருடம் அந்த முட்டை அவளோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறது. ஷெல் விழுந்த நேரம் அவளோடு பங்கருக்குள் இறங்கியிருக்கிறது. பரீட்சைக்கு விழித்திருந்திருக்கிறது. கொழும்பில் விசாவுக்கு வரிசையில் நின்றிருக்கிறது. உன்னை நம்பி விமானம் ஏறியிருக்கிறது. அவ்வளவு காலம் பிடித்த பிடியை ஒரு இடத்தில் விட மறந்தது என்றால், அதற்கு நீ அவளை விசாரணை வைப்பாயா? சீ.

உனக்கு ஏன் இந்தச் சாட்சி தேவைப்படுகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை: உன் தங்கச்சிக்குச் சிட்னியில் பேசுகிற கல்யாணம். நேற்று உன்னோடு பேசி முடித்த கையோடு பெரிய மாமியும் எடுத்தா. இரண்டு பேரும் முன்கூட்டியே கதைத்துவைத்தது எனக்கு விளங்கியது. “மச்சாள், நான் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை. நாளைக்கு எங்கட பெட்டையை எடுக்க வாற சிட்னி ஆக்கள் விசாரிக்காமல் விடுவினமே? தாய்வழி எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் அவையள் பேசாமல் இருப்பினம். ரஜனியின்ர ஆக்கள் இஞ்ச இல்லைத்தானே, ஆருக்கு நட்டம்?” ஆருக்கு நட்டம் என்று கேட்டா! கேட்க ஒரு ஆள் இல்லாத பெண்ணின் தலையில் கட்டிவிட்டு, மற்றப் பெண்ணைக் கரையேற்றுகிற திட்டம். சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உன் தங்கச்சி ரிசீவரை என் கையிலிருந்து வாங்கி, “பெரிய மாமி, ஐ டோன்ட் வான்ட் தெம். பேபியைப் பாத்திட்டு ஓடுற ஆக்கள் எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெட்டைக்குத் தமிழ் ஒழுங்காக எழுத வராது என்று நீ கேலி செய்வாய். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வந்தது.

பெரிய மாமி நம்மை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவ. அப்பா போன பிறகு நம்மைக் கைவிடாதவ. அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனால் அந்த நன்றிக்கு என் கையால் சமைத்துப் போடுவேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவேன், கடைசிவரை பார்ப்பேன். ரஜனியைத் தூக்கிக் கொடுக்க மாட்டேன். நீ கொடுத்துவிட்டாய். அதுவும் பெரிதாக ஒன்றும் கேட்காமலே, ஒரு கோப்பைப் பாயாசம் குடித்து முடிக்கிற நேரத்துக்குள். நீ பயந்தாய் என்று எனக்குத் தெரியும். பிள்ளையைப் பார்த்துப் பயந்தாய், நாளைக்கு எப்படி வளர்ப்பது என்று பயந்தாய். பயந்தவனை நான் கட்டிப் பிடித்திருப்பேன். பயத்தை மனைவியின் மேல் துடைத்தவனைத்தான் தொடக் கூசுகிறது.

பிறப்புத் துடக்கு முப்பத்தோராம் நாளோடு கழிந்துவிட்டது என்று ஐயர் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைக்கும் தாய்க்கும் துடக்கு எப்போதோ போய்விட்டது, இருந்திருந்தால். உன் வாய்க்கு இன்னும் கழியவில்லை. அதற்கு ஐயரின் தண்ணீர் போதாது. அந்த வசனத்தை யார் முன்னால் சொன்னாயோ, அதே ஆட்கள் முன்னால் நின்று, அது பொய், அப்படி ஒரு பக்கம் இல்லை, இவள் என் மகள் என்று சொல்லித்தான் கழிக்க வேண்டும். எப்போது சொல்வாய் என்று நான் கேட்க மாட்டேன். சொல்லாமல் இருந்தால் எனக்குத் தெரியவரும்.

பஞ்சாயுதத்தைப் பற்றிக் கவலைப்படாதே. உனக்குப் பெரிய மாமி போட்ட சங்கிலியை ஊரிலிருந்து புடவை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். அதை நேற்றுக் காலை எடுத்து ஆரணிக்குப் போட்டேன். கழுத்து மெலிவு, சங்கிலி வயிறுவரைக்கும் தொங்குகிறது. உள்ளங்கையில் பட்டதும் அவள் அதைப் பற்றிக்கொண்டாள். நீயும் அதைத்தான் செய்தாய். சங்குப் பக்கத்தில், பிறகு பல்லு முளைத்து நீ கடித்த அடையாளம் இருக்கிறது. இதையும் யாருடைய பக்கம் என்று பெரிய மாமியிடம் கேட்டுச் சொல்.

கடைசியாக ஒன்று. வைத்தியர் பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இதயத்தில் ஒரு சத்தம் இருக்கிறது என்றார். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு இதயச் சுவரில் ஓட்டை இருக்கும். களைத்துப் போய்ப் பாலை விடுவதும் அதனாலாக இருக்கலாம். சத்திரசிகிச்சை தேவையா என்று வியாழக்கிழமை காலையில் படம் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். ரஜனி பயத்தில் இரண்டு நாளாக ஒழுங்காகப் படுக்கவில்லை. உன்னைக் கூப்பிட்டுச் சொல்லட்டுமா என்று கேட்டேன். “அவர் வேலையில நிப்பார் மாமி, கரைச்சல் குடுக்க வேண்டாம்” என்றாள். இவ்வளவுக்குப் பிறகும் ‘அவர்’ என்றுதான் சொல்கிறாள். எனக்கு அந்த மரியாதை வாயில் வராது.

நான் என் காரில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போவேன், அது பிரச்சினை இல்லை. ஆனால் பிள்ளையின் இருக்கை உன் காரின் பின்சீட்டில் இருக்கிறது. நீ ஒவ்வொரு நாளும் அதைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் பாலத்தைக் கடந்து ஆல்பனிக்கு வேலைக்குப் போய் வருகிறாய். கண்ணாடியில் உனக்குத் தெரியாமலா இருக்கும்? வியாழக்கிழமை விடிய அதைக் கொண்டு வா. கேள்வியை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. வெறும் இருக்கையை மட்டும் வாசலில் வைத்துவிட்டுப் போக நினைத்தால் அதையும் செய்யலாம், பிள்ளை அதில் போவாள். நீயும் வருவதாக இருந்தால், உள்ளே வந்து முதலில் கையைக் கழுவு. சவர்க்காரம் போட்டு வடிவாகக் கழுவு. பிறகு பிள்ளையைத் தூக்கலாம்.

ரஜனிக்கு மாமி, ஆரணிக்கு அப்பம்மா,
வேறு வழியில்லாமல் உனக்கு அம்மா.